கமரா ஒரு தடவை, கார்ட் பல தடவை: ஒரு சின்ன வரலாறு



நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

கல்யாண சீசன் தொடங்கினால், அல்லது வெளிநாட்டிலிருந்து யாராவது லீவில் வருகிறார்கள் என்றால், எனக்கு ஒரு கேள்வி வரும். "சேர், இருக்கிற கமராவைக் கொடுத்துவிட்டுப் புதிது ஒன்று எடுக்கலாமா?" கேட்பவர்கள் மெகாபிக்சலைச் சொல்வார்கள். லென்ஸைச் சொல்வார்கள். 4கே வீடியோ எடுக்கும் என்பார்கள். அந்தக் கமராவுக்குள் எந்த வகைக் கார்ட் போகிறது, கையிலிருக்கும் பழைய கார்டுகள் அதில் வேலை செய்யுமா என்று மட்டும் பேச்சு வராது.

மாப்பிள்ளையை மட்டும் பார்த்து நாங்கள் கல்யாணம் முடிப்பதில்லை. குடும்பத்தையும் விசாரிக்கிறோம். கமராவின் குடும்பம் அதன் கார்ட். நான் படிப்பிப்பது வரலாறு. கடைக்காரரைப் போல மொடல் நம்பர் சொல்லி விலை பேச எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் குடும்பங்களின் கதையைச் சொல்ல முடியும். அதைத் தெரிந்துகொண்டால் எதை வாங்குவது, எப்போது வாங்குவது, எதை உடனே காப்பாற்றுவது என்ற மூன்றுக்கும் விடை கிடைக்கும்.

*பிலிம் காலத்தில் இந்தக் கவலை இருக்கவில்லை*

எங்கள் வாப்பாமார் காலத்தில் கமரா என்றால் பிலிம் ரோல். 35 மில்லிமீற்றர் பிலிமை ஒரு சின்ன உருளைக்குள் சுற்றிக் கடையில் விற்கும் முறையைக் கொடாக் கம்பனி 1934இல் கொண்டுவந்தது. பிறகு வந்த கமராக் கம்பனிகள் ஜப்பானோ ஜெர்மனியோ ரஷ்யாவோ, பெரும்பாலும் அதே உருளைக்கு ஏற்றபடிதான் கமரா செய்தன. 1960களில் செய்த கமராவுக்குள் இன்று வாங்கும் ரோலும் போகும். கமராவைப் பேரனுக்குக் கொடுக்கலாம். ரோல் கிடைக்குமா என்ற பயம் அந்த நாளில் யாருக்கும் இருக்கவில்லை.

செலவு வேறு மாதிரி இருந்தது. ஒரு ரோலில் 36 படம். ரோலுக்குக் காசு, கழுவக் காசு, பிரிண்டுக்குக் காசு. படம் எடுக்க எடுக்கச் செலவு. ஆனால் கமரா பழசாகி ஒதுங்கவில்லை. "நல்ல கமரா ஒன்று வாங்கினால் காலத்துக்கும் போதும்" என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது. அந்த எண்ணத்தோடுதான் நாங்கள் டிஜிட்டல் காலத்துக்குள் நுழைந்தோம். அங்கே நிலைமை தலைகீழாக இருந்தது.

*கார்ட் வருவதற்கு முன்*

முதல் டிஜிட்டல் கமராவை 1975இல் கொடாக்கின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் செய்தார். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். 100க்கு 100 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். ஒரு படத்தைப் பதிய 23 செக்கன். எதில் பதிந்தது? நாங்கள் பாட்டுக் கேட்ட அதே கசெட் நாடாவில்.

1991இல் கொடாக் செய்தியாளர்களுக்காக ஒரு கமராவை விற்பனைக்கு விட்டது. நிக்கொன் எஃப்3 உடலில் பொருத்திய 1.3 மெகாபிக்சல் கமரா. படங்களைச் சேமிக்க 200 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் உள்ள பெட்டியொன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டும். விலை 20,000 டொலர் அளவில்.

1994இல் அப்பிள் கம்பனி குயிக்டேக் 100 என்ற கமராவை 749 டொலருக்கு விற்றது. அதில் கார்ட் இல்லை. உள்ளேயே 1 மெகாபைட் நினைவகம். நல்ல தரத்தில் 8 படம் எடுத்தால் நிறைந்துவிடும். பிறகு கொம்பியூட்டரில் இறக்கி, அழித்துவிட்டுத்தான் ஒன்பதாவது படம். பயணம் போகிறவர் என்ன செய்வார்?

இந்தச் சிக்கலைத் தீர்த்த பொருள் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே பிறந்திருந்தது. ஜப்பானின் தோஷிபா கம்பனியில் வேலை செய்த ஃபுஜியோ மசுவோக்கா, மின்சாரம் நின்றாலும் பதிந்ததை மறக்காத ஒரு சிப்பை 1984இல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதில் உள்ளதை ஒரே வீச்சில் அழிக்கலாம். அந்த வேகம் கமராவின் பிளாஷ் வெளிச்சத்தை நினைவூட்டுகிறது என்று அவருடைய சக ஊழியர் ஒருவர் சொல்ல, "பிளாஷ் மெமரி" என்ற பெயர் வந்தது. கமராவைப் பார்த்துப் பெயர் வைத்த சிப்தான் கடைசியில் பிலிமின் இடத்தைப் பிடித்தது.

*மூளை கார்டில் இருக்குமா, கமராவில் இருக்குமா?*

1994இல் அமெரிக்காவின் சான்டிஸ்க், கொம்பெக்ட் பிளாஷ் கார்டை வெளியிட்டது. தீப்பெட்டி அளவில் தடித்த கார்ட். 1995இல் தோஷிபா ஸ்மார்ட் மீடியா கார்டை விட்டது. முக்கால் மில்லிமீற்றர் கனம்தான், பிஸ்கட் பெட்டியின் மட்டை போல மெல்லியது. பார்வைக்கு ஸ்மார்ட் மீடியாதான் அழகு, விலையும் குறைவு. ஒலிம்பஸும் பியூஜிபிலிமும் அதைத் தெரிவு செய்தன.

இரண்டுக்கும் உள்ளே ஒரு முக்கியமான வித்தியாசம். எந்தப் படத்தை எங்கே எழுதுவது, எந்த இடம் பழுது என்று பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாட்டுச் சிப் ஒன்று வேண்டும். கொம்பெக்ட் பிளாஷ் அந்த மூளையைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது. ஸ்மார்ட் மீடியாவில் மூளை இல்லை, வெறும் நினைவகச் சிப் மட்டும். மூளை வேலையைக் கமரா செய்ய வேண்டும்.

இதன் விளைவு சில ஆண்டுகளில் தெரிந்தது. பெரிய கொள்ளளவில் புதுக் கார்ட் வந்தால், அதைப் புரிந்துகொள்ளும் அறிவு பழைய கமராவுக்கு இல்லை. போதாக்குறைக்கு 5 வோல்ட் கார்ட், 3.3 வோல்ட் கார்ட் என்று இரண்டு ரகம்; ஒன்றுக்குச் செய்த கமராவில் மற்றது வேலை செய்யாது. கடைசியில் ஸ்மார்ட் மீடியா 128 மெகாபைட்டோடு நின்றுபோனது. மூளையைத் தன்னோடு கொண்டுபோன கொம்பெக்ட் பிளாஷோ கிகாபைட் கணக்கில் வளர்ந்து, அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பெரிய கமராக்களில் இருந்தது.

ஒரே கடையில், ஒரே நாளில், ஏறத்தாழ ஒரே விலைக்கு இரண்டு பேர் இரண்டு கமரா வாங்கியிருப்பார்கள். ஒருவருடையது நீண்ட நாள் உழைத்தது. மற்றவருடையது கார்ட் கிடைக்காமல் அலுமாரிக்குள் போனது. கமராவைச் செய்தவர்களின் திறமையில் குறை இல்லை. சேர்ந்த குடும்பம் அப்படி.

*கார்டே வேண்டாம் என்ற சோனி*

கார்ட் விலை அந்த நாளில் எப்படி இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். 1990களின் பிற்பகுதியில் ஒரு மெகாபைட்டுக்குச் சில டொலர்கள். கிகாபைட்டுக்கு இல்லை, மெகாபைட்டுக்கு!

அதனால் சோனி ஒரு குறுக்கு வழி போட்டது. 1997இல் வந்த அதன் மவிக்கா கமராக்கள் படத்தைச் சாதாரண 3.5 அங்குல பிளொப்பி டிஸ்க்கில் பதிந்தன. ஒரு பிளொப்பி 1.44 மெகாபைட், 640க்கு 480 அளவுப் படங்கள் தரத்தைப் பொறுத்துப் பதினைந்திலிருந்து நாற்பது வரை கொள்ளும். பிளொப்பி எந்தக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைத்தது. ரீடர் வேண்டாம், கேபிள் வேண்டாம். எந்தக் கொம்பியூட்டரிலும் போட்டுப் பார்க்கலாம். அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் அதை விரும்பி வாங்கியதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் மெகாபிக்சல் கூடக் கூடப் படத்தின் பாரமும் கூடியது. இரண்டு மெகாபிக்சல் படம் என்று வந்தபோது ஒரு பிளொப்பியில் இரண்டு மூன்றுதான் அடங்கும். 2000ஆம் ஆண்டில் சோனி 8 சென்ரிமீற்றர் சின்ன சீடியில் எழுதும் மவிக்காவையும் விட்டுப் பார்த்தது. அதுவும் நிலைக்கவில்லை. இன்று பிளொப்பி டிரைவ் உள்ள கொம்பியூட்டரை நீங்கள் எங்கே தேடுவீர்கள்? ஒரு காலத்தில் எல்லா இடத்திலும் இருந்த பொருள் என்பது எல்லாக் காலத்திலும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

ஐபிஎம் வேறு வழி போனது. கொம்பெக்ட் பிளாஷ் வடிவத்துக்குள் ஒரு குட்டி ஹார்ட் டிஸ்க்கையே அடைத்தது. 1999இல் 340 மெகாபைட் மைக்ரோடிரைவ் வந்தபோது அது அதிசயம். உள்ளே சுழலும் தட்டு இருந்ததால் கைதவறி விழுந்தால் பயம். பிளாஷ் விலை இறங்கியதும் அதன் தேவையும் போனது.

*பெட்டியோடு வந்த 8 மெகாபைட்*

2000 தொடக்கம் 2003 வரையான கமராக்களை வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். 3 மெகாபிக்சல் கமராவின் பெட்டியைத் திறந்தால் உள்ளே 8 மெகாபைட் அல்லது 16 மெகாபைட் கார்ட் ஒன்று இனாமாக இருக்கும். 3 மெகாபிக்சல் படம் ஒன்று நல்ல தரத்தில் ஒரு மெகாபைட்டுக்கு மேல். கணக்குப் போட்டால் 8 மெகாபைட்டில் ஆறு ஏழு படம். பழைய பிலிம் ரோலில் 36 படம் எடுத்த மனிதர், இத்தனை காசு கொடுத்து வாங்கிய புதுக் கமராவில் ஏழாவது படத்தோடு நிற்க வேண்டும். ஒரு வலீமா வீட்டுக்கு அது எந்த மூலைக்கு? ஆகவே கமரா வாங்கிய கையோடு கார்டுக்கும் காசு எடுத்து வைக்க வேண்டியிருந்தது. விலைச்சீட்டில் எழுதாத விலை அது.

அடுத்த மொடலுக்கு மாறும்போது அதே கதை இரண்டாம் தடவை வரும். 3 மெகாபிக்சலிலிருந்து 6 மெகாபிக்சலுக்குப் போனால் படத்தின் பாரம் ஏறத்தாழ இரட்டிக்கும். நேற்று 50 படம் கொண்ட கார்ட் இன்று 25 படம்தான் கொள்ளும்.

*ஒரு கம்பனியின் கார்டும் ஊரின் கார்டும்*

சோனி 1998இல் தனக்கென்று மெமரி ஸ்டிக் செய்தது. சூயிங்கம் துண்டு போல நீளமான கார்ட். அதுவும் 128 மெகாபைட்டில் முட்டிக்கொண்டது. 2003இல் ஒரே கார்டுக்குள் இரண்டு 128ஐ வைத்து, பின்னால் ஒரு சுவிட்ச்சைத் தள்ளி மாற்றும் ஏற்பாட்டைக்கூடச் செய்தார்கள். அதே ஆண்டில் மெமரி ஸ்டிக் புரோ வந்தது. பழைய கமராவால் புரோவை வாசிக்க முடியாது. இடையில் டூவோ என்ற குட்டி வடிவம் வேறு. ஒரே பெயர், பல பிள்ளைகள், ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லை.

ஸ்மார்ட் மீடியா முடிந்ததும் ஒலிம்பஸும் பியூஜிபிலிமும் 2002இல் எக்ஸ்டி கார்டைக் கொண்டுவந்தன. தபால் முத்திரை அளவு. அதிலும் கட்டுப்பாட்டு மூளை இல்லை. 2005இல் எம் ரகம், எச் ரகம் என்று வந்தபோது பழைய கமராக்கள் சில அவற்றை ஏற்கவில்லை. ஒலிம்பஸ் கமராவில் பனோரமா படம் எடுக்க ஒலிம்பஸ் பெயருள்ள எக்ஸ்டி கார்ட்தான் வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. எக்ஸ்டி 2 கிகாபைட்டைத் தாண்டவில்லை.

இதே காலத்தில் பெனசொனிக், சான்டிஸ்க், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1999இல் எஸ்டி கார்டை அறிவித்தன. 2000இல் அதற்கென்று ஒரு சங்கத்தை அமைத்து மற்றக் கம்பனிகளையும் உள்ளே அழைத்தன. உரிமக் கட்டணம் உண்டு, ஆனால் கதவு திறந்திருந்தது. போன் செய்கிறவர், கமரா செய்கிறவர், லெப்டொப் செய்கிறவர் எல்லோரும் வந்தார்கள். எல்லோரும் வந்ததால் உற்பத்தி கூடியது, விலை விழுந்தது, விலை விழுந்ததால் இன்னும் ஆட்கள் வந்தார்கள்.

முடிவு எல்லோருக்கும் தெரியும். ஒலிம்பஸ் 2009இல் வெளியிட்ட பென் கமராவில் எஸ்டி இடம் பிடித்தது. 2010 ஜனவரியில் சோனியே தன் கமராக்களில் எஸ்டிக்கு இடம் கொடுத்தது. பன்னிரண்டு ஆண்டுப் பிடிவாதம் அத்தோடு தளர்ந்தது. ஆனால் அந்தப் பன்னிரண்டு ஆண்டில் மெமரி ஸ்டிக்குக்குக் கூடுதல் காசு கொடுத்தவர்கள் யார்? கம்பனி இல்லை, வாங்கிய சனம்.

*அதே உருவம், வேறு உள்ளடக்கம்*

எஸ்டி வென்றதோடு நிம்மதி வந்ததா என்றால், அதுவும் முழுதாக இல்லை. முதல் எஸ்டி கார்டுகள் 2 கிகாபைட் வரைதான். 2006இல் 4 முதல் 32 கிகாபைட் வரை கொள்ளும் எஸ்டிஎச்சி வந்தது. 2009இல் அதற்கும் மேலே எஸ்டிஎக்ஸ்சி. மூன்றும் அளவில், உருவத்தில் ஒன்றே. ஆனால் 2004இல் வாங்கிய கமராவுக்குள் எஸ்டிஎச்சியைப் போட்டால் பொருந்தும், வாசிக்காது. "கார்ட் பழுது" என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்கள் எத்தனை பேர்! கார்டிலும் பழுதில்லை, கமராவிலும் பழுதில்லை.

மறுபக்கத்தில் ஒரு நல்ல விஷயம். புதுக் கமரா பழைய எஸ்டியை வாசிக்கும். மேலே ஏறுகிறவருக்குப் பாதை திறந்திருந்தது. கீழே நின்றவருக்கு மட்டும் அடைபட்டது. ஸ்மார்ட் மீடியாவிலிருந்து எக்ஸ்டிக்குப் போனவருக்கு இந்த வசதிகூட இருக்கவில்லை. வைத்திருந்த கார்ட் முழுவதையும் தூக்கி வைக்க வேண்டியிருந்தது.

பெரிய கமராக்காரருக்கும் இடி விழுந்தது. 2003இல் கெனன் 300டி ஆயிரம் டொலருக்குள் வந்து எத்தனையோ ஸ்டூடியோக்காரரை டிஜிட்டலுக்குக் கொண்டுவந்தது. அதற்குக் கொம்பெக்ட் பிளாஷ். அடுத்து வந்த 350டி, 400டி இரண்டுக்கும் அதே கார்ட். 2008இல் 450டி வந்தது, அதில் எஸ்டி. நிக்கொன் பக்கம் டி70க்குக் கொம்பெக்ட் பிளாஷ், 2005இல் வந்த டி50க்கு எஸ்டி. ஐந்தாறு கார்ட் சேர்த்து வைத்திருந்த கல்யாணப் படப்பிடிப்பாளர் ஒருவர் 400டியிலிருந்து 450டிக்கு மாறினால், கமரா விலையோடு ஒரு கட்டுக் கார்ட் விலையையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இந்தக் கதை இன்னும் முடியவில்லை. 2012இல் நிக்கொன் டி4இல் எக்ஸ்கியூடி என்ற புதுக் கார்ட் வந்தது. கெனன் 2016இல் சிஎஃபாஸ்ட்டுக்குப் போய், 2020இல் சிஎஃப்எக்ஸ்பிரஸுக்கு மாறியது. எக்ஸ்கியூடியை நம்பியவர்களுக்கு மட்டும் ஒரு ஆறுதல் கிடைத்தது. சிஎஃப்எக்ஸ்பிரஸ் பி ரகம் அதே உருவத்தில் வந்ததால், 2018இல் விற்ற இசட்6, இசட்7 கமராக்களுக்கு 2019 இறுதியில் நிக்கொன் ஒரு மென்பொருள் மேம்படுத்தல் கொடுத்து, புதுக் கார்டையும் வாசிக்க வைத்தது. கம்பனி மனம் வைத்தால் பழைய கமராவுக்கு ஆயுள் கூட்டலாம் என்பதற்கு இது சாட்சி.

*இந்த வரலாறு சொல்வது என்ன?*

மூன்று விஷயங்களை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று. ஒரே கம்பனி, அல்லது இரண்டு கம்பனிகள் மட்டும் வைத்திருந்த கார்டுகள் போய்விட்டன. பலர் பங்குபோட்ட கார்டுகள் நின்றன. பிலிம் உருளை அத்தனை ஆண்டு நின்றதற்கும் காரணம் அதுவே.

இரண்டு. கமராவில் மெகாபிக்சல் கூடும் ஒவ்வொரு தடவையும் கார்ட், கார்டை வாசிக்கும் ரீடர், சேமிக்கும் ஹார்ட் டிஸ்க், சில நேரம் கொம்பியூட்டர் என்று ஒரு சங்கிலி முழுவதும் கூட வேண்டியிருக்கிறது.

மூன்று. கார்ட் விலை பெரும்பாலும் காத்திருந்தவர் பக்கமே இருந்தது. பெரிய விலைக்கு விற்ற கார்ட் சில ஆண்டுகளில் மலிந்தது பல தடவை நடந்தது. ஆனால் எங்கள் நாட்டில் ஒரு திருத்தம் உண்டு. டொலரில் விலை விழுந்தாலும் ரூபாவில் விழ வேண்டும் என்று இல்லை. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபா அளவுக்குப் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஆகவே "இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் மலியும்" என்பதை இங்கே கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

*இப்போது வாங்குகிறவருக்கு*

ஒரு பாடசாலை ஊடகக் கழகத்தை எடுத்துக்கொள்வோம். 24 மெகாபிக்சல் கமரா. சாதாரண ஜேபெக் படம் ஒன்று 10 மெகாபைட் என்று வைத்தால் 64 கிகாபைட் கார்டில் 6,000 படத்துக்கு இடமுண்டு. இல்ல விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா இரண்டையும் எடுத்தாலும் மிஞ்சும். ஆக, படம் மட்டும் என்றால் கார்ட் செலவு இன்று பெரிய விஷயம் இல்லை.

வீடியோ என்றால் கணக்கு மாறும். செக்கனுக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் நிமிடத்துக்கு 750 மெகாபைட், மணித்தியாலத்துக்கு 45 கிகாபைட். அதே கார்ட் ஒன்றரை மணித்தியாலம்கூடத் தாங்காது. விழா நான்கு மணித்தியாலம் என்றால் மூன்று கார்ட். பிறகு அந்த 180 கிகாபைட்டை எங்கே வைப்பது? பாடசாலை லெப்டொப் தாங்குமா? சாதாரண ஃபுல் எச்டியில் 28 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் மணித்தியாலத்துக்கு 13 கிகாபைட்டுக்குள் முடியும். பெற்றோர் அதைப் பார்க்கப்போவது போனில்.

எனவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். கமரா விலை. தேவையான கார்ட் எத்தனை, எந்த வகை, என்ன விலை. ரீடர். இரண்டு ஹார்ட் டிஸ்க். மேலதிக பெட்டரி. இந்தக் கூட்டுத்தொகைதான் கமராவின் உண்மையான விலை. கையிலிருக்கும் கார்டுகள் புதுக் கமராவிலும் வேலை செய்யும் என்றால் அந்த வரிசைக்கு நேரே சைபர் போடலாம். அதுவே பெரிய கழிவு.

கார்டில் எழுதியிருப்பதையும் வாசியுங்கள். வி30 என்றால் செக்கனுக்குக் குறைந்தது 30 மெகாபைட் வேகத்தில் எழுதும் என்று பொருள். பெரும்பாலான 4கே வேலைக்கு அது போதும். அதைவிட விலைகூடிய வி60, வி90 கார்டுகள் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. விலை நம்பமுடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். 512 என்று வெளியே அச்சடித்து உள்ளே 16 மட்டும் உள்ள போலிக் கார்டுகள் சந்தையில் உண்டு. அவை நிறைந்த பிறகும் எழுதுவது போலவே நடிக்கும். படம் மட்டும் இருக்காது. முதல் நாளே கார்டை முழுதாக நிரப்பித் திறந்து பார்த்துச் சோதிப்பது நல்லது.

இருக்கிற கமரா சரியாகக் கவனம் பிடிக்கிறது, அதன் கார்ட் இன்னும் கடையில் கிடைக்கிறது என்றால், என் அபிப்பிராயம்: மாற்ற வேண்டாம். அந்தக் காசில் ஒரு நல்ல லென்ஸோ, இரண்டு ஹார்ட் டிஸ்க்கோ வாங்குங்கள். கார்டே கிடைக்காத கமரா என்றால், அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மாறும் நேரம் வந்துவிட்டது.

*லாச்சிக்குள் இருக்கும் வரலாறு*

இவ்வளவும் எழுதியதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம்.

2004 டிசம்பர் 26 அன்று எங்கள் கிழக்குக் கரையோரத்தில் கடலுக்கு அருகே இருந்த வீடுகளோடு அந்த வீடுகளின் அல்பங்களும் போயின. உம்மாவின் கல்யாணப் படம், மூத்தாப்பாவின் ஒரேயொரு படம், ஊரின் பழைய தெருக்கள். அதற்குப் பிறகு எடுத்த படங்கள் எங்கே? கூடாரங்கள், தற்காலிகக் கொட்டில்கள், புது வீட்டுக்குக் கல் வைத்த நாள், அந்த வீட்டில் நடந்த முதல் கல்யாணம். அவற்றில் பலவற்றை எடுத்தது மத்திய கிழக்கிலிருந்து வந்த உறவுகள் கொண்டுவந்த சின்ன டிஜிட்டல் கமராக்கள். காலத்தைக் கவனியுங்கள். 2002 முதல் 2010 வரை, எக்ஸ்டியும் மெமரி ஸ்டிக்கும் எஸ்டியும் மோதிக்கொண்ட அதே ஆண்டுகள்.

கடல் கொண்டுபோகாத படங்கள் இப்போது லாச்சிக்குள் அழிந்துகொண்டிருக்கின்றன. பிளாஷ் சிப் படத்தை மின்னூட்டமாகப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசியும். பத்தாண்டு என்பது தயாரிப்பாளர்கள் வழமையாகச் சொல்லும் கணக்கு. அந்தக் கார்டுகளுக்கு இருபது வயதாகிறது. சில இன்னும் திறக்கும், சில திறக்காது. ஒவ்வொரு வருடமும் திறக்காதவை கூடும். ரீடர்களும் குறைகின்றன. புதிதாக வரும் ரீடர்களில் பெரும்பாலும் எஸ்டியும் மைக்ரோ எஸ்டியும்தான். பலவற்றில் எக்ஸ்டிக்கு வாயில் இல்லை.

ஊரின் வரலாறு என்றால் நாங்கள் போர்த்துக்கீசர் காலத்தைத் தேடுகிறோம். இருபது வருடத்துக்கு முந்தைய ஊர் எங்கள் வீட்டு லாச்சியில் கிடக்கிறது.

செய்ய வேண்டியது கடினமில்லை. இந்த வாரம் அலுமாரியையும் லாச்சியையும் பாருங்கள். பழைய கமரா கிடந்தால் எறியாதீர்கள்; ரீடர் இல்லாத கார்டுக்கு அந்தக் கமராவும் அதன் கேபிளும்தான் திறப்பு. கார்டைக் கொம்பியூட்டரில் போடும்போது "ஃபோர்மட் செய்யவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். படங்களை இரண்டு இடத்தில் பிரதி செய்யுங்கள், ஒன்று வீட்டில், இன்னொன்று வேறு உறவினர் வீட்டில். முக்கியமான இருபது முப்பது படத்தைக் கடதாசியில் பிரிண்ட் எடுத்து, பின்னால் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று பென்சிலால் எழுதுங்கள். வாசிக்க ரீடர் தேவைப்படாத ஒரே வடிவம் கடதாசிதான்.

எக்ஸ்டி, ஸ்மார்ட் மீடியா, மெமரி ஸ்டிக், கொம்பெக்ட் பிளாஷ் எல்லாவற்றையும் வாசிக்கும் பழைய ரீடர் ஒன்று என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். கார்டைக் கொண்டுவந்தால் உங்கள் முன்னாலேயே பிரதி எடுத்துத் தருகிறேன். குடும்பப் பெண்களின் படங்கள் இருக்கின்றன என்று தயங்குகிறவர்கள் ரீடரை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாவித்துவிட்டுத் திருப்பித் தாருங்கள். இன்ஷா அல்லாஹ், ஒவ்வொருவராக முடிப்போம்.

உங்களிடம் எந்த வகைக் கார்ட் இருக்கிறது, எந்த வருடத்துப் படம் என்று கீழே எழுதுங்கள். பெயர் தெரியாத கார்ட் என்றால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். என்ன வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.